ரெனசான்ஸ் விழாவுக்குக் கில்ட் கட்டிப் போகலாமா?

கேள்வி: வரும் அக்டோபரில் நண்பர்களோடு, பழங்கால வேடம் கட்டிக்கொண்டு போகும் டெக்சஸ் ரெனசான்ஸ் விழாவுக்குப் போகிறேன். ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் கட்டம் போட்ட கொசுவ உடையான கில்ட்டைக் கட்டிப் போக ஆசை. கூட வருபவர் ஒருவர், "அது 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தைக் காட்டுகிற விழா, அங்கே கில்ட்டுக்கு என்ன வேலை? கில்ட்டே ஒரு ஆங்கிலேயர் கண்டுபிடித்ததுதானே" என்கிறார். உண்மையா? வாங்குவதானால் எதை வாங்குவது?

ஆகஸ்ட் 17

தாராளமாகக் கட்டலாம். உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியும் வேறு கில்ட்டைப் பற்றியது.

இன்று கடையில் தொங்குவது சின்ன கில்ட். இடுப்பிலிருந்து முழங்கால் வரை மட்டும் வரும், பின்பக்கம் கொசுவம் வைத்துத் தைத்திருப்பார்கள். அது 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேயர் 1720களில் ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலேண்ட்ஸில் இன்வர்கேரி பக்கம் இரும்பு உலை நடத்தினார். முழுத் துணியையும் சுற்றிக்கொண்டு ஆட்கள் உலையில் திணறுவதைப் பார்த்துக் கீழ்ப்பாதியை மட்டும் தனியாக வெட்டித் தைக்க ஏற்பாடு செய்தார் என்பார்கள். 1785-ல் அச்சான ஒரு கடிதம்தான் இந்தக் கதைக்கு ஆதாரம். ஸ்காட்லாந்தில் பலர் இதை ஏற்பதில்லை. பாதித் துணியைக் கட்டும் வழக்கம் மலைநாட்டில் அதற்கு முன்பே இருந்தது என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. உலைக்கு முன்னால் வேகிறவனுக்கு மேல்துணியைக் கழற்ற யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

அதற்கு மூத்தது பெரிய கில்ட். உடம்பு அளவுக்கு வெட்டித் தைக்காத ஒரே நீளத் துணி. அதைக் கொசுவி, மேலே பெல்ட் போட்டு இறுக்கி, மிச்சத்தைத் தோளில் ஏற்றிக் குத்திக்கொள்வார்கள். 1594-ல் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஹெப்ரிடிஸ் தீவுகளிலிருந்து கூலிப்படையாக அயர்லாந்து போனவர்கள் பல நிறப் போர்வை உடுத்தி, அதற்கு வெளியே பெல்ட் கட்டியிருந்தார்கள் என்று அயர்லாந்துக் குலத் தலைவர் ரெட் ஹியூ ஓடானலின் வரலாற்றை எழுதியவர் சொல்லியிருக்கிறார். கில்ட்டுக்குக் கிடைக்கிற தெளிவான முதல் சாட்சி அதுதான். அப்போது இங்கிலாந்தை ஆண்ட முதலாம் எலிசபெத் ராணி இறந்தது 1603-ல். ஆக, பெரிய கில்ட் உங்கள் விழாவின் காலத்துக்குள் வந்துவிடுகிறது. கடைசி வண்டியைப் பிடித்து ஏறியதுதான், ஆனாலும் ஏறிவிட்டது.

பெரிய கில்ட்டையே கட்டுங்கள். காலமும் பொருந்தும், செலவும் குறைவு.

ஆகஸ்ட் 19

எவ்வளவு துணி என்று கேட்டிருக்கிறீர்கள். 54 முதல் 60 அங்குல அகலத்தில் 4 கெஜம், கொஞ்சம் பருமனான ஆள் என்றால் 5 கெஜம். 9 கெஜம், 10 கெஜம் என்று சிலர் சொல்வதைக் கேட்டு மிரள வேண்டாம். அந்தக் காலத் தறி குறுகலானது. நெய்த துணியை இரண்டாக வெட்டி, பக்கம் பக்கமாக வைத்துத் தைத்துத்தான் அகலத்தைக் கூட்டினார்கள். அந்தக் கணக்கில் 9 கெஜம் என்பது உடலில் ஏறும்போது நாலரைதான்.

கம்பளியாக இருக்கட்டும். கில்ட் துணியை எடையை வைத்துத்தான் விற்பார்கள். கெஜத்துக்கு 13 அவுன்ஸ், 16 அவுன்ஸ் என்பவை வழக்கமானவை, 10-11 அவுன்ஸிலும் கிடைக்கும். டெக்சஸ் அக்டோபருக்கு அந்த லேசான ரகமே போதும். 16 அவுன்ஸில் 5 கெஜம் எடுத்தால் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த இரண்டு கிலோ என்ன செய்யும் என்பதை நான் அறிவேன்.

துணி விலை மட்டும்தான் செலவு, தையற்கூலி கிடையாது. சின்ன கில்ட்டைக் கையால் தைத்து வாங்கப் பல நூறு டாலர் ஆகும். அதன் மதிப்பு அப்படி, குறை சொல்லவில்லை. கொசுவத்தைக் கட்டத்தோடு கட்டம் பொருத்தித் தைப்பது பெரிய வேலை. நல்ல தையற்காரர் தைத்ததைப் பின்னாலிருந்து பாருங்கள். எட்டு கெஜத் துணி மடிந்து உள்ளே போயிருக்கும், மேலே தெரியும் கட்டம் மட்டும் எங்கும் உடையாமல் ஓடும்.

ஆகஸ்ட் 19, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. மலிவாகக் கிடைக்கிறதே என்று அக்ரிலிக் துணி எடுக்காதீர்கள். இந்த விழாக்களில் கொல்லன் பட்டறை இருக்கும், கண்ணாடி ஊதுபவர்கள் இருப்பார்கள், இரவில் தீப்பந்த ஆட்டம் நடக்கும். பொறி விழுந்தால் கம்பளி சுருங்கிக் கருகி அதோடு அணைந்துவிடும். அக்ரிலிக் உருகித் தோலில் ஒட்டும்.

ஆகஸ்ட் 23

"எங்கள் குடும்பத்தில் ஸ்காட்லாந்துக்காரர் யாரும் இல்லை, நான் எந்தக் குலத்தின் டார்ட்டனை (கட்டம் போட்ட துணியை) கட்டுவது? கோபித்துக்கொள்வார்களா?"

யாரும் கோபிக்க மாட்டார்கள், கோபிக்க இடமும் இல்லை. குலத்துக்கு ஒரு கட்டம் என்பது ஆதிகாலத்து ஏற்பாடு என்றுதான் பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அது 19-ஆம் நூற்றாண்டில் கெட்டிப்பட்ட வழக்கம். 1815-ல் லண்டன் ஹைலேண்ட் சொசைட்டி ஒவ்வொரு குலத் தலைவரிடமும் "உங்கள் டார்ட்டன் எது, மாதிரித் துண்டு அனுப்புங்கள்" என்று கேட்டபோது தலைவர்கள் சிலருக்கே பதில் தெரியவில்லை. பானக்பர்னில் இருந்த வில்சன் நெசவு நிறுவனம் அதுவரை எண்ணாலும் ஊர்ப் பெயராலும் விற்றுவந்த கட்டங்களுக்கெல்லாம் மெல்ல மெல்லக் குலப்பெயர் ஏறியது. 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தார். எழுத்தாளர் வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய அந்த வரவேற்புக்கு எல்லோரும் டார்ட்டன் உடுத்தி வரவேண்டும் என்று ஆனது. அதன்பிறகு ஆளாளுக்குத் தங்கள் குலக் கட்டத்தைத் தேடி ஓடினார்கள்.

1746-ல் மலைநாட்டு ஜாக்கபைட் கிளர்ச்சியாளர்கள் பிரிட்டிஷ் அரசுப் படையிடம் தோற்ற கல்லோடன் போரை டேவிட் மோரியர் என்பவர் வரைந்த ஓவியம் இருக்கிறது. அதில் மலைநாட்டு வீரர்களைப் பாருங்கள், ஒருவர் உடம்பிலேயே இரண்டு மூன்று வேறு கட்டங்கள். போரில் யார் நம் ஆள் என்று அடையாளம் காணத் தொப்பியில் செருகிய வெள்ளைப் பட்டைதான் உதவியது.

அதற்காக இடத்துக்கும் கட்டத்துக்கும் தொடர்பே இருந்ததில்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. ஸ்கை தீவைச் சேர்ந்த மார்ட்டின் மார்ட்டின் 1703-ல் வெளியிட்ட பயணக் குறிப்பில், ஒவ்வொரு தீவிலும் ஒரு மாதிரி நெய்வார்கள், துணியைப் பார்த்தே ஆள் எந்த ஊர் என்று ஊகிக்கலாம் என்கிறார். உள்ளூர் நெசவாளி கைக்கு வந்ததை நெய்தார், அக்கம்பக்கத்தில் கிடைத்த செடியிலும் பாசியிலும் சாயம் எடுத்தார். ஊர்க்கட்டம் அப்படித்தான் உருவாகியிருக்கும். எனக்கு இது குலக்கதையை விடப் பிடித்திருக்கிறது.

ஆகவே உங்களுக்குக் கண்ணுக்குப் பிடித்த கட்டத்தை எடுங்கள். பழுப்பு, மங்கிய பச்சை, துரு நிறம் போன்றவை 1590களுக்குப் பொருந்தும். பளீரென்ற சிவப்பு மஞ்சள் அரக்குச் சாயங்கள் பின்னால் வந்தவை.

ஆகஸ்ட் 24

ஒரு விலக்கு. பால்மோரல் டார்ட்டன் என்று சாம்பல் நிறத்தில் ஒன்று உண்டு. விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் வடிவமைத்தது, அரச குடும்பத்துக்கு மட்டும். அதை விட்டுவிடுங்கள். மற்றபடி பிளாக் வாட்ச் என்ற கரும்பச்சைக் கட்டம் போன்றவை எல்லோருக்கும் பொது.

ஆகஸ்ட் 29

மேலே "பளீர் நிறங்கள் பின்னால் வந்தவை" என்றதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். சிவப்பு அப்போதும் இருந்தது, காசு உள்ளவர்களிடம் இருந்தது. 1538-லேயே ஐந்தாம் ஜேம்ஸ் மன்னருக்கு ஹைலேண்ட் டார்ட்டனில் காலுறை தைத்த செலவு அரசக் கருவூலக் கணக்கில் இருக்கிறது. தலைவன் வேடம் போடுகிறவர் சிவப்பு கட்டலாம்.

செப்டம்பர் 2

கட்டும் முறை. இதைப் படித்தால் குழப்பமாக இருக்கும், ஒருமுறை செய்து பார்த்தால் கை பழகிவிடும்.

தரையில் பெல்ட்டை நேராக விரியுங்கள். அதன்மேல் துணியைப் பரப்புங்கள். நீளவாக்கு பெல்ட்டோடு ஒட்டி ஓட வேண்டும். கீழ் ஓரத்துக்கும் பெல்ட்டுக்கும் உள்ள தூரம், உங்கள் தொப்புளிலிருந்து முழங்கால் நடு வரை உள்ள தூரம். இரண்டு முனைகளிலும் வயிற்றை மூடும் அளவுக்குத் துணியைத் தட்டையாக விட்டுவிட்டு, நடுவில் உள்ள அத்தனையையும் கொசுவம் வையுங்கள். கட்டத்தில் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு, அதே கோடு ஒவ்வொரு மடிப்பின் விளிம்பிலும் வருமாறு மடித்தால் சீராக வரும். கொசுவிய பிறகு மொத்த அகலம் உங்கள் முதுகளவுதான் இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் மடிப்பு போதவில்லை என்று பொருள், இன்னும் நெருக்குங்கள்.

இப்போது கொசுவத்தின் மேல் மல்லாக்கப் படுங்கள். வலதுபக்கத் தட்டை முனையை முதலில் வயிற்றின் மேல் போடுங்கள், அதற்கு மேல் இடதுபக்க முனை. ஆண்கள் கட்டும் முறை இதுதான், வெளியில் தெரியும் ஓரம் உங்கள் வலப்பக்கம் முடியும். பெல்ட்டை இறுக்குங்கள். நினைத்ததை விட ஒரு துளை கூடுதலாக இறுக்குங்கள், எழுந்ததும் தளரும். எழுந்து நிற்கும்போது ஒரு கையால் பின்பக்கக் கொசுவத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எழுந்ததும் மேல்பாதி முழுவதும் பெல்ட்டுக்கு வெளியே கவிழ்ந்து தொங்கும். இங்கேதான் இந்த உடையின் அழகு. பின்புறத்து மூலையைத் தூக்கி இடது தோளில் கொண்டுவந்து ஊக்கு குத்தலாம். முன்புற இரண்டு மூலைகளையும் பெல்ட்டுக்குள் செருகினால் இரண்டு பக்கமும் பைபோல ஆகிவிடும், அதில் ரொட்டி வைக்கலாம், இன்றைக்குச் செல்போன் வைக்கலாம். மழை வந்தால் தலைக்கு மேல் போர்த்தலாம். மலையில் ஆடு மாடு ஓட்டிப் போனவர்கள் இரவானதும் பெல்ட்டைக் கழற்றி அதே துணிக்குள் சுருண்டு தூங்கினார்கள்.

வேட்டி கட்டிப் பழகியவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. தையல் இல்லாத துணி உடம்பில் எங்கே நழுவும், எங்கே பிடிக்கும் என்று இடுப்புக்கு ஏற்கெனவே தெரியும்.

செப்டம்பர் 3

"வாகன நிறுத்தத்தில் எங்கே படுப்பது?" நியாயமான கேள்வி. ஹூஸ்டனுக்கு வடமேற்கே டாட் மிஷனில் வண்டி நிறுத்துமிடம் புல்லும் புழுதியுமான வெளி. ஒரு தார்ப்பாய் கொண்டுபோங்கள். என் நண்பர் அப்படி விரித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு பெல்ட்டைத் துழாவிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வண்டிக் குடும்பம் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்து மயக்கமா என்று கேட்டது. விஷயம் தெரிந்ததும் அந்த வீட்டுப் பையன் உட்கார்ந்து மீதிக் கொசுவத்தை எடுத்துக்கொடுத்தான்.

படுக்க விருப்பமில்லாதவர்கள் துணியின் உட்பக்கம், இடுப்பு வரும் வரிசையில், ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு சின்ன வளையம் தைத்துக்கொள்ளலாம். அதற்குள் நாடாவைக் கோத்து இழுத்தால் கொசுவம் தானாகச் சேரும், நின்றுகொண்டே கட்டிவிடலாம். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வீட்டிலேயே கட்டிக்கொண்டு கார் ஓட்டிவர நினைக்காதீர்கள். ஒரு மணி நேரம் சீட்டில் அழுந்திய கொசுவம் பிறகு எந்த வழிக்கும் வராது.

செப்டம்பர் 10

பையனுக்கு இரண்டு கைலியைச் சேர்த்துத் தைத்துப் பெரிய கில்ட் ஆக்கலாமா என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். கட்டம் போட்ட பருத்திக் கைலி, ஒன்று இரண்டு மீட்டர் சொச்சம். இரண்டைச் சேர்த்தால் நீளம் தாராளம். பத்து வயதுப் பையனுக்கு அகலமும் போதும். பருத்தி லேசானது, கொசுவம் தொங்காது, காற்றில் பறக்கும், அதுதான் சிக்கல். கீழ் ஓரத்தின் உட்பக்கம் சங்கிலி அல்லது கனமான நாடா வைத்துத் தைத்தால் ஓரளவு நிற்கும். உள்ளே அரைக்கால்சட்டை கட்டாயம். வெயிலுக்கு அவன்தான் கூட்டத்திலேயே சௌகரியமாக இருப்பான். செய்யுங்கள்.

பெரியவர்களுக்குக் கைலித் துணி வேண்டாம். கம்பளி விழுகிற மாதிரி அது விழாது.

செப்டம்பர் 15

முதல் குறிப்பில் சின்ன கில்ட்டைப் "வேறு காலத்தது" என்று ஓரம் கட்டினேன். அதை யோசித்துக்கொண்டே இருந்தேன். பெரிய கில்ட்தான் என் தேர்வு, அதில் மாற்றமில்லை. ஆனால் உங்கள் அப்பாவிடமிருந்து வந்த சின்ன கில்ட் அலமாரியில் இருக்கிறது என்றால் அதைக் கட்டிக்கொண்டு வாருங்கள். வாசலில் யாரும் நூற்றாண்டு பார்த்து உள்ளே விடுவதில்லை.

இந்த விழாக்கள் எப்படித் தொடங்கின என்பதையும் பார்க்க வேண்டும். 1963 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் ஃபிலிஸ் பேட்டர்சன் என்ற ஆசிரியையும் அவர் கணவர் ரானும் கே.பி.எஃப்.கே. வானொலிக்கு நிதி திரட்ட ஒரு வார இறுதி நடத்தினார்கள். அதிலிருந்து கிளை பிரிந்து 1971-ல் மினசோட்டா, 1974-ல் டெக்சஸ், 1977-ல் மேரிலாந்து என்று பரவியது. சரித்திரப் பாடமும் சந்தைக் கூத்தும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்துதான் நடக்கின்றன. இன்றைக்கு வைக்கிங், கடற்கொள்ளைக்காரர், தேவதைச் சிறகு எல்லாம் ஒரே வரிசையில் நின்று வான்கோழிக் கால் வாங்குகின்றன. அந்த வரிசையில் ஒரு 18-ஆம் நூற்றாண்டுக் கில்ட் நின்றால் என்ன குறைந்துவிடும்?

2000-ல் சியாட்டிலில் தொடங்கிய யூட்டிலிகில்ட், அந்தப் பக்கவாட்டுப் பை வைத்த பருத்திக் கில்ட், அதையும் விழாக்களில் நிறையப் பார்க்கலாம். அதற்கு நான் எதிரி இல்லை. விழாவில் கூடாரம் அடிக்கிற, மேடை தூக்குகிற ஆட்கள் அதைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்கிறார்கள். உலைக்காரர்கள் கதை திரும்ப நடக்கிறது.

நான் விடாப்பிடியாக நிற்பது ஒரே இடத்தில்தான். ஸ்காட்லாந்து விடுதலைப் போர் வீரர் வில்லியம் வாலஸ் வேடத்துக்குக் கில்ட் வேண்டாம். அவரைக் கொன்றது 1305-ல். கில்ட் வர இன்னும் ஏறக்குறைய 300 ஆண்டு இருந்தது. ஹாலிவுட் கட்டிவிட்ட முடிச்சு அது. முகத்தில் நீலச்சாயமும் பூசி வந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது, பக்கத்தில் வந்து பேசத்தான் செய்வேன்.

செப்டம்பர் 16

மேரிலாந்து போகிறவர் கேட்டிருக்கிறார்: அங்கே எட்டாம் ஹென்றி காலம், அப்படியானால்? ஹென்றி இறந்தது 1547-ல். அந்தக் கணக்கில் மலைநாட்டுக்காரருக்குப் பெரிய கில்ட் கொஞ்சம் சீக்கிரம். குங்குமப்பூ மஞ்சளில் முழங்காலைத் தொடும் லினன் சட்டை, மேலே ஒரு கம்பளிப் போர்வை. அதுதான் அப்போதைய உடை. அதே போர்வைக்கு வெளியே பிறகொரு தலைமுறை பெல்ட் போட்டது.

செப்டம்பர் 27

"உள்ளே என்ன போட்டிருக்கிறாய்?" என்ற கேள்வி வரும். கில்ட் கட்டிய ஒவ்வொருவரிடமும் வரும். சிரித்துக்கொண்டே "காலணி" என்று சொல்லி நகரலாம், பழைய பதில்தான், வேலை செய்யும்.

ஆனால் தூக்கிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். வேறொரு மாநிலத்தில் ஒரு விழாவில் சாராயக் கடை வரிசையில் நின்றபோது பின்னாலிருந்து ஒருவர் என் கொசுவத்தைப் பிடித்து மேலே தூக்கினார். கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். நான் திரும்பி அவர் மணிக்கட்டைப் பிடித்து, கையை எடுங்கள் என்று அழுத்தமாகச் சொன்னேன். "வேடிக்கைதானே" என்றார். காவலுக்கு நின்ற ஊழியரிடம் சொன்னால் அவரும் தோளைக் குலுக்கினார்.

பாவாடை கட்டிய பெண்ணிடம் இதைச் செய்தால் அந்த இடத்திலேயே பிடித்து வெளியேற்றுவார்கள். ஆண் என்பதால் விளையாட்டாகிவிடுகிறது. ஸ்காட்லாந்தில் கில்ட்டோடு பரிமாறும் பையன்களுக்கு இது தொடர்ந்து நடக்கிற தொல்லை. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், நீங்களும் எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் குழுவில் யாராவது அப்படிக் கை நீட்டினால் முதலில் தடுக்கும் ஆள் நீங்களாக இருங்கள்.

உள்ளே போடுவதைப் பற்றி: போடுங்கள். டெக்சஸ் வெயிலில் தொடை உரசிப் புண்ணாகும். சைக்கிள் ஓட்டுபவர்கள் போடும் ஒட்டுக் கால்சட்டை உத்தமம். எதுவும் போடாமல் இருப்பதே மரபு என்பவர்கள், அந்தக் காலத்தில் முழங்கால் வரை தொங்கிய நீளச் சட்டையை மறந்துவிடுகிறார்கள். சட்டைதான் உள்ளாடை.

செப்டம்பர் 28

நேற்று எழுதியதற்கு "ஒரு வேடத்துக்கு இவ்வளவு கோபமா" என்று பதில் வந்திருக்கிறது.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. கல்லோடனில் தோற்ற பிறகு மலைநாட்டு உடையைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 1747 ஆகஸ்ட் 1 முதல் ஸ்காட்லாந்தில் ராணுவத்தில் இல்லாத எந்த ஆணும், சிறுவனும், கில்ட்டோ டார்ட்டன் மேலாடையோ உடுத்தக் கூடாது. முதல் முறை பிடிபட்டால் ஜாமீன் இல்லாமல் ஆறு மாதம் சிறை. இரண்டாம் முறை கடல் கடந்த தோட்டங்களுக்கு ஏழு ஆண்டு நாடுகடத்தல். 1782-ல்தான் தடையை நீக்கினார்கள். முப்பத்தைந்து ஆண்டு. தடை வந்தபோது பிறந்த பையனுக்கு அதற்குள் மீசை நரைக்கத் தொடங்கியிருக்கும், அப்பா மாதிரி கொசுவம் வைக்க அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அதே காலத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்த மலைநாட்டுக்காரனுக்கு மட்டும் அரசே கில்ட் கொடுத்தது. உன் உடையை உடுத்த வேண்டுமா, எங்களுக்காகச் சண்டைக்குப் போ என்பதுதான் பேரம்.

இதைத் தெரிந்துகொண்டு கட்டினால் கட்டுகிற விதமே மாறும் என்று நம்புகிறேன். ஜாலியாகக் கட்டுங்கள், ஆடுங்கள், பாடுங்கள். கேலிப்பொருளாக மட்டும் கட்ட வேண்டாம்.

அக்டோபர் 4

கடைசி நேரக் கேள்விகள் நிறைய. சேர்த்து எழுதுகிறேன்.

சட்டை: கழுத்தில் தோல்கயிறு கோத்த "ஜாக்கபைட் சட்டை" என்று விற்பது இக்காலத்தது. தளர்ந்த கையுள்ள வெள்ளை அல்லது பழுப்பு லினன் சட்டை போதும். தலைக்கு நீலக் கம்பளித் தொப்பி. காலுக்குச் சாதாரணத் தோல் காலணி. உள்ளங்கால் தேய்ந்த பழையது நல்லது, நாள் முழுக்க நடை.

ஸ்போரன் பை (இடுப்பில் முன்பக்கம் தொங்கும் பை): சுருக்குக் கயிறு வைத்த தோல்பை இருந்தால் மாட்டுங்கள். வெள்ளி மூடி, முடிக்குஞ்சம் எல்லாம் பிற்கால ராணுவ அலங்காரம். காலுறையில் செருகும் சின்னக் கத்தியும் அப்படித்தான், பிற்காலத்து வழக்கம். எந்தக் கத்தி கொண்டுபோனாலும் உறையிலிருந்து உருவ முடியாதபடி கட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள், விதிகளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயில்: பகலில் 30 டிகிரியைத் தாண்டும். தோள் ஊக்கைக் கழற்றி மேல்பாதியைப் பெல்ட்டுக்கு மேல் தொங்கவிட்டுவிடுங்கள், முதுகில் காற்று படும். சாயங்காலம் பைன் மரங்களுக்கு இடையில் குளிர் இறங்கியதும் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். கோட்டும் சட்டையுமாக வந்தவர்கள் நடுங்கும்போது உங்களிடம் ஒரு போர்வையே இருக்கும்.

உட்காரும்போது: இரண்டு கையாலும் பின்கொசுவத்தைத் தடவிக் கீழே இறக்கிவிட்டு, பிறகு உட்காருங்கள். முழங்கால்கள் சேர்ந்திருக்கட்டும், நடுவில் துணி விழட்டும். வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தால் குத்தும், துணியை இரட்டையாக மடித்துவிடுங்கள்.

ஃபயர் ஆன்ட்: இதை யாரும் சொல்வதில்லை. டெக்சஸ் புல்வெளியில் அந்தச் சிவப்பு எறும்புப் புற்று மண் குவியல் மாதிரிதான் தெரியும். கில்ட் கட்டியவர் அதன்மேல் நிற்கவோ உட்காரவோ கூடாது. தார்ப்பாயை விரிக்கும் முன் தரையைப் பாருங்கள். நீளக் காலுறையை முழங்காலுக்குக் கீழே வரை இழுத்து விடுங்கள்.

அக்டோபர் 13

கேள்வி கேட்டவர் படம் அனுப்பியிருந்தார். மங்கிய பச்சையில் பெரிய கில்ட், தோளில் ஒரு பித்தளை ஊக்கு. கொசுவம் இடதுபக்கம் கொஞ்சம் குவிந்துவிட்டது, அடுத்தமுறை பெல்ட் இறுக்கும்போது யாரையாவது பின்னால் நின்று இழுத்துவிடச் சொல்லுங்கள். அந்தச் சந்தேகக்கார நண்பர் நவம்பருக்குத் துணி தேடுகிறாராம். நல்ல செய்தி.

நவம்பர் 3

பெண்களுக்கு? ஆரிசெய்டு. அதே மார்ட்டின் மார்ட்டின் விவரிக்கிறார்: வெள்ளைத் துணி, அதில் கறுப்பு, நீலம், சிவப்பில் ஒடுங்கிய கோடுகள், கழுத்திலிருந்து குதிகால் வரை நீளம், சுற்றிலும் கொசுவம், மார்புக்குக் கீழே பெல்ட், நெஞ்சில் வெள்ளி அல்லது பித்தளைப் பதக்கம். கில்ட்டுக்கு நிகரான அழகு, விழாக்களில் அபூர்வமாகத்தான் கண்ணில் படுகிறது. தடைச் சட்டம் பெண்கள் உடையைத் தொடவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மெல்லிய வெள்ளைக் கம்பளியில் கோடு போட்டது கிடைத்தால் விடாதீர்கள். நவம்பர் கடைசியில் வரும் நன்றியறிதல் (தாங்க்ஸ்கிவிங்) வார இறுதியோடு டெக்சஸ் விழா முடிந்துவிடும், இன்னும் நேரம் இருக்கிறது. பெண்கள் ஆண்களின் கில்ட்டையே கட்டினாலும் யாரும் தடுக்கப்போவதில்லை. என் மகள் அதைத்தான் கட்டுவேன் என்கிறாள்.

டிசம்பர் 1

துவைப்பது பற்றி மூன்று பேர். வாஷிங் மெஷினில் போடாதீர்கள், கம்பளி சுருங்கிக் கெட்டியாகிவிடும். முதலில் ஒரு நாள் நிழலில் காற்றாட விடுங்கள், புகை வாசனை போய்விடும். ஓரத்துப் புழுதியை மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் தட்டுங்கள். கறை இருந்தால் அந்த இடத்தை மட்டும் குளிர்ந்த தண்ணீரில் ஒற்றுங்கள். பீர் கறையும் இப்படிப் போகும், தேன்மதுக் கறைக்கு இன்னொரு தடவை ஒற்ற வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு கொசுவத்தைப் பிரித்து, முழுத் துணியாக உருட்டி, பருத்தி உறையில் வையுங்கள். அந்துப்பூச்சிக்குச் செடார் மரத்துண்டு போதும். நாப்தலீன் உருண்டை வேண்டாம், அடுத்த அக்டோபர் வரை நாறும்.